ஒன்றா, ஏழா?

கமலினி மகேந்திரராஜா சிட்னிக்கு வந்து சேர்ந்த 1973ஆம் ஆண்டில் ஹரிஸ் பார்க்கில் கறிவேப்பிலை வாங்க ஒரு கடைகூட இல்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லெபனான்காரரின் பலசரக்குக் கடையும், ஓர் இறைச்சிக்கடையும், சலூனும் இருந்தன. புருஷன் மகேந்திரராஜாவுக்கு ரயில்வேயில் பாலங்களுக்கு வரைபடம் கீறும் வேலை. கமலினி யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் பெண்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். இங்கே கணக்கு ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்பதால், வந்த சில வாரங்களிலேயே கிரான்லி ஹைஸ்கூலில் வேலை கிடைத்துவிட்டது.

நல்ல உயரம். குரல் அதைவிடப் பெரிது. மைதானத்தின் அந்தப் பக்கம் சண்டை பிடிக்கும் பிள்ளைகளை இந்தப் பக்கம் நின்றபடியே பிரித்துவிடுவார். அந்தக் குரலுக்குப் பாடசாலையில் நல்ல தேவையும் இருந்தது. கிரான்லி ஹைஸ்கூலின் பாதி வகுப்புகள் லொறியில் கொண்டுவந்து இறக்கிய தகர அறைகளில்தான் நடந்தன. மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது கேட்காது. இங்கே கோடையான மாசி மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு சுவரில் கை வைக்க முடியாது. கல்லுக்கட்டடம் வரும், வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் கழிந்த ஒரு மாலை, வாக்காளர் பதிவைச் சரிபார்க்க ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தார்.

"நீங்கள் சிலோனா? அப்படியானால் சட்டப்படி பிரித்தானியப் பிரஜை. இங்கே வந்து ஆறு மாதம் ஆகிவிட்டதல்லவா? பதிய வேண்டும். பதிந்தால் வோட்டுப் போடவும் வேண்டும். போடாவிட்டால் அபராதம்" என்றார்.

பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் சில்வானா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலிக்காரி. தையல் ஆலையில் வேலை. கமலினி வந்த முதல் வாரத்திலேயே ஒரு கூடை தக்காளியோடு வந்து சிநேகிதமானவர். அவருக்கும் பதியும்படி கமலினி சொல்ல, வந்தவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அவர் குடியுரிமை எடுக்கவில்லை. இத்தாலியர். எடுக்கும்வரை வோட்டு இல்லை."

அவர் போனதும் சில்வானா உரக்கச் சிரித்தார். "நான் இங்கே வந்தபோது இந்தத் தெருவுக்குத் தார்கூடப் போடவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். நீ நேற்று வந்தாய். உனக்கு வோட்டு!"

கமலினிக்கு முகம் சுண்டிப்போனது. "நீயும் குடியுரிமையை எடுத்தால் என்ன?"

"எடுத்து என்ன செய்ய? யார் வென்றாலும் என் பிள்ளைகள் தகரப் பெட்டிக்குள்தானே படிக்கிறார்கள்?"



அடுத்த வைகாசியில் நாட்டுக்கான பொதுத்தேர்தல் வந்தது. கமலினியும் மகேந்திரராஜாவும் பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்றார்கள். மட்டைத் தட்டிகளால் மறைத்த சின்னச் சின்ன மறைவுகள். ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய பென்சில். ஆளுக்கு இரண்டு சீட்டு. கீழ்ச்சபைக்கான சீட்டு சின்னது; செனற் என்ற மேல்சபைக்கான சீட்டு மேசைத்துணி அகலத்துக்கு இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட பெயர்கள், அத்தனைக்கும் எண் போடவேண்டும். கமலினி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் போட்டு முடித்தார். வெளியே வந்தபோது புருஷன் ஏற்கெனவே மரத்தடியில் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார்.

"என்னெண்டு இவ்வளவு கெதியா முடிச்சனீங்கள்?"

"ஊரிலை போடுற மாதிரி ஒரு பேருக்கு நேர ரெண்டு கோட்டைக் குறுக்காக் கீறிப் புள்ளடி போட்டிட்டு வந்திட்டன். ரெண்டு சீட்டிலையும்."

"ஐயோ! இஞ்ச புள்ளடி போட்டாச் செல்லாது. எண்தான் போடவேணும். உங்கட வோட்டு குப்பைக்குள்ள போச்சு!"

மகேந்திரராஜா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஆரும் எனக்குச் சொல்லேல்லையே. ரயில்வேக்குப் பாலம் கீறுறவன், எனக்கே விளங்கேல்லை எண்டா மற்றச் சனத்துக்கு?"

வீடு வரும் வழியெல்லாம் கமலினி அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தார். உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒன்று. அவர் இல்லையென்றால் யார் வேண்டுமோ அவருக்கு இரண்டு. இப்படிக் கடைசிவரை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், ஆகக் குறைய எடுத்தவரை வெளியே அனுப்பிவிட்டு, அவருக்கு ஒன்று போட்ட சீட்டுகளை எடுத்து, இரண்டு யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை அது நடக்கும்.

"அப்ப தோக்கிறவனுக்குப் போட்டாலும் வோட்டு வீண் போகாது" என்றார் மகேந்திரராஜா.

"ஓம். ஆனா எல்லாப் பெட்டிக்கும் எண் இருக்கவேணும்."

அரசியல் கட்சிக்குள் கமலினி போனது பாட் ஹான்லன் என்ற பெண்ணால். பாட் ஒரு நேர்ஸ், நான்கு பிள்ளைகளின் தாய், பாடசாலைப் பெற்றோர் சங்கத்தின் தலைவி. தகர வகுப்பறைகளைப் பற்றி அவர் எழுதாத மந்திரி இல்லை. ஒருநாள் சங்கக் கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது பாட் சொன்னார்:

"பாடசாலை, ஆஸ்பத்திரி, ரயில் எல்லாம் மாநிலப் பாராளுமன்றத்தின் கையில். இந்தத் தொகுதி உறுப்பினர் இருபது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரை எதிர்த்து எங்கள் கட்சி ஒவ்வொரு தடவையும் யாரையோ நிறுத்துகிறது. யாரை நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள் தெரியுமா? கட்சிக் கிளைகளில் இருக்கும் கொஞ்சப் பேர். ஜனங்கள் தேர்தலன்று மண்டபத்தில் போடுவது இரண்டாவது வோட்டு, கமலினி. முதல் வோட்டு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது."

கமலினி கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த முதல் வோட்டுப் போட என்ன செய்யவேண்டும்?"

"கிளையில் சேர வேண்டும். இந்தத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். ஒரு வருடமாவது உறுப்பினராக இருந்து, கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும்."

அன்றிரவு மகேந்திரராஜா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீர் ஏன் உதுக்குள்ள போறீர்? வந்த நாட்டிலை சும்மா இருந்தாப் போதாதே?"

"தகரத்துக்குள்ள வேகிறது நானெல்லோ, நீங்கள் இல்லையே."



கிளைக் கூட்டம் மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, படைவீரர் மண்டபத்தின் பின்னறையில் நடக்கும். பெரும்பாலும் ஆண்கள். புகை. போன கூட்டத்து அறிக்கையை வாசித்து ஏற்பதிலேயே பாதி நேரம் போய்விடும். கமலினி சேலையில், கதிரையை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டு உட்காருவார். முதலில் சிலர் அவரைத் தேநீர் தர வந்தவர் என்று நினைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து கேள்வி கேட்டபோது அந்த எண்ணம் போய்விட்டது. மாதம் தவறாமல் போனார். தன் பாடசாலைப் பெற்றோரில் வாக்குரிமை இருந்தவர்களைச் சேர்த்தார். மால்ற்றாக்காரர் சிலர், ஒரு சைப்பிரஸ் குடும்பம், இரண்டு அயர்லாந்துப் பெண்கள். பின்னறையில் கதிரைகள் போதாமல் போயின.

1975 செப்டெம்பரில் வேட்பாளர் தெரிவு வந்தது. மூன்று பேர் போட்டியிட்டார்கள். பாட் ஒருவர். மற்றவர் பாரட், தொழிற்சங்கச் செயலாளர், மேலிடத்துக்குப் பிடித்தமானவர். மூன்றாமவர் ஓர் இளம் வழக்கறிஞர். எல்லோரும் பாரட்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

வாக்களிக்க வரிசை நகர்ந்தது. கமலினியின் முறை வந்ததும் பாரட்டின் ஆள் ஒருவர் கையை உயர்த்தினார்.

"இவருக்கு எப்படி வோட்டு? இந்த நாட்டுக் குடிமகள்கூட இல்லை. தன் நாட்டில் போய்ப் போடட்டும்."

மேசையிலிருந்த கிளைச் செயலாளர் தொண்டையைச் செருமினார். கமலினி அவர் பேசும்வரை காத்திருக்கவில்லை.

"வாக்காளர் இடாப்பில் என் பெயர் இருக்கிறது. அதுதான் விதி. கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது மற்ற விதி. நான் ஒரு கூட்டமும் விடவில்லை. நீங்கள் கடைசியாக இந்த அறைக்கு வந்தது எப்போது என்று இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?"

பின்னாலிருந்து ஒரு மால்ற்றாக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அது அறை முழுவதும் பரவியது. செயலாளர் வாக்குச்சீட்டைக் கிழித்துக் கமலினியிடம் நீட்டினார்.

முதல் எண்ணிக்கையில் பாரட் முன்னால், பாட் அவருக்குக் கிட்ட, வழக்கறிஞர் கடைசி. வழக்கறிஞர் விலக்கப்பட்டு, அவருடைய சீட்டுகளில் இரண்டு யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஹான்லன். ஹான்லன். பாரட். ஹான்லன். ஹான்லன். செயலாளர் பேர் வாசிக்க வாசிக்க கமலினி புருஷனுக்கு அன்று தெருவில் விளக்கியதெல்லாம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. முதலாவதாக வந்த பாரட் தோற்றார். பாட் வேட்பாளரானார்.

மண்டபத்துக்கு வெளியே, எல்லோருக்கும் சாப்பாடு செய்து கொண்டுவந்து நின்றவர் சில்வானா. கதவு திறந்ததும் உள்ளே இருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டு, பாத்திரத்தைக் காரின் மேல் வைத்துவிட்டு ஓடிவந்து கமலினியைக் கட்டிப்பிடித்தார். பிறகு கையை எடுத்து, திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்னென்ன நடந்தது?"

கமலினி சொன்னார்.

"அடுத்த தடவை நான் வெளியே நிற்கமாட்டேன்" என்றார் சில்வானா. மறுநாளே குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தை மாதத்தில் நகரசபை மண்டபத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தபோது கமலினிதான் பக்கத்தில் நின்று அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே சில்வானாவின் பெயரும் இடாப்பில் ஏறியது. தையல் ஆலையிலிருந்து இன்னும் பல பெண்கள் அவர் பின்னால் வந்தார்கள். சிலர் குடியுரிமையை எப்போதோ எடுத்திருந்தார்கள். வோட்டுப் போடப் பயந்து, போய்ப் பேரைச் சொல்லிவிட்டு வெறுஞ்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருபவர்கள்.

மாநிலத் தேர்தல் 1976 மே முதலாம் திகதி என்று அறிவித்தார்கள். கிரான்லித் தொகுதியில் ஏழு வேட்பாளர்கள்.

சித்திரை மாதம் முழுவதும் சனிக்கிழமை மத்தியானங்களில் சில்வானாவின் கார்க் கொட்டகையில் வோட்டுப் போடப் பழக்கும் வகுப்பு நடந்தது. வேட்பாளர் பெயரைப் போட்டால் பிரசாரமாகிவிடும் என்று, கமலினி சீட்டுகளில் காய்கறிப் பெயர்களைப் போட்டார். கத்தரிக்காய், தக்காளி, பீற்றூட், கரட், போஞ்சி, பூசணி, வெங்காயம். "நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். முதலில் எது வேண்டும்? அது இல்லையென்றால் எது? கடைசியில் வாங்க விருப்பமே இல்லாதது எது? ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. ஒரே எண்ணை இரண்டு தடவை போடக்கூடாது."

பெண்கள் எழுதினார்கள். எண்ணினார்கள். ஒவ்வொரு வாரமும் கத்தரிக்காய் முதலில் வந்தது. கடைசியாக வந்த பீற்றூட்டை வெளியேற்றி அதன் சீட்டுகளைப் பிரிக்கும்போது கொட்டகையே கைதட்டியது. பீற்றூட்டுக்காக வாதாடிய ஒரு லெபனான் பெண் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், திரும்பி வந்தார்.

அந்தச் சீட்டுகளைத் திருத்தும்போதுதான் கமலினி ஒன்றைக் கவனித்தார். சில்வானா எழுதும் ஒன்று நேர்கோடாக இருக்காது. கீழிருந்து நீண்ட ஒரு கோடு ஏறி, உச்சியில் மடிந்து இறங்கும். முதல் பார்வைக்கு ஏழு. ஏழு எழுதும்போது அதன் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போடுவார். மற்றப் பெண்களில் பாதிப்பேரும் அப்படித்தான் எழுதினார்கள். தகர வகுப்பறையில் அவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான்.

"ஒன்றை வெறும் கோடாக எழுதுங்கள்" என்று கமலினி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த சீட்டில் மறுபடியும் பழைய ஒன்றுதான். ஐந்து வயதிலிருந்து பழகிய கை.

தேர்தல் நாள் காலையில் பாடசாலை வாசலில் பெற்றோர் சங்கம் கேக்கும், தேங்காய்ப்பூத் தூவிய லாமிங்டனும் விற்றது. ஏழு வேட்பாளரின் ஆட்களும் வாசலில் நின்று, தங்கள் ஆளுக்கு எப்படி எண் போடுவது என்று அச்சடித்த அட்டைகளை நீட்டினார்கள். கமலினி பாட்டின் அட்டைகளோடு நின்றார். தையல் ஆலைப் பெண்கள் தேவாலயத்துக்குப் போகும் உடுப்பில் கூட்டமாக வந்தார்கள். சில்வானா தலைமயிரை அலங்கரித்திருந்தார். உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. கமலினி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்த சில்வானா இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"ஏழு பெட்டிக்கும் போட்டேன்! இரண்டு தடவை சரிபார்த்தேன்!"

வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். யார் இவர், என்ன விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பின்னேரம் மகேந்திரராஜாவும் வந்து வோட்டுப் போட்டார். "இந்த முறை புள்ளடி இல்லை" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு லாமிங்டன் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிரவு எண்ணி முடித்தபோது பழைய உறுப்பினர் சில நூறு வாக்குகள் முன்னால் நின்றார். ஆனால் பாதியைத் தாண்டவில்லை. வானொலியில் கிரான்லியை இன்னும் முடிவாகாத தொகுதி என்று சொன்னார்கள். இருபது வருடத்தில் முதல் தடவையாக.

அடுத்த நாட்களில் தபால் வாக்குகள் வந்தன. வெளியூர் போயிருந்த கிரான்லிக்காரர் வேறு தொகுதிகளில் போட்ட வாக்குகள் வந்தன. பிறகு ஒவ்வொருவராக ஐந்து சிறு வேட்பாளர்களும் விலக்கப்பட்டு, அவர்களின் சீட்டுகள் பிரிக்கப்பட்டன. பாடசாலை விடுமுறையாக இருந்ததால் கமலினி பாட்டின் சார்பில் எண்ணும் முகவராக ஒவ்வொரு நாளும் போய் உட்கார்ந்தார். முகவர்கள் பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம். சீட்டைத் தொடக்கூடாது. பாட் மெல்ல மெல்லக் கிட்ட வந்தார். கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை ஒரு வகுப்பறைக்குள் அடக்கிவிடலாம். அதுவும் பாட்டுக்குப் பாதகமாக.

மிச்சமிருந்தது, தேர்தல் இரவில் செல்லாது என்று ஒதுக்கிய சீட்டுகளின் கட்டு. தொகுதியின் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் டிக்சன் அதை ஒவ்வொன்றாக மீண்டும் பார்க்கத் தொடங்கினார். மெலிந்த, கண்டிப்பான மனிதர். மேசைக்கு அந்தப் பக்கம் பழைய உறுப்பினரின் முகவர் குரொப்ற். இந்தப் பக்கம் கமலினி.

வெறுஞ்சீட்டு, செல்லாது. புள்ளடி, செல்லாது. யாரோ வரைந்த பன்றிப்படம், செல்லாது. இருவரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு டிக்சன் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இரண்டு ஏழு. ஒன்று இல்லை."

"செல்லாது" என்றார் குரொப்ற் உடனே.

கமலினி எட்டிப் பார்த்தார். கீழிருந்து ஏறி மடிந்து இறங்கிய அந்தக் கோடு.

"பொறுங்கள் ஐயா. அது ஒன்று. ஏழு இல்லை."

"எனக்குக் கண் தெரியும், அம்மணி" என்றார் குரொப்ற்.

"அந்தச் சீட்டில் இரண்டு முதல் ஆறு வரை எல்லாம் இருக்கிறதா? இருக்கிறது. மிச்சம் இரண்டு எண். ஓர் எண்ணின் இடுப்பில் குறுக்குக் கோடு இருக்கிறது. மற்றதில் இல்லை. ஒரே ஆள் ஒரே சீட்டில் ஏழை இரண்டு விதமாக எழுதமாட்டார். குறுக்குக் கோடு போட்டதுதான் ஏழு. மற்றது ஒன்று. ஐரோப்பாவில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதுவார்கள். நான் தினமும் இப்படி எழுதிய கொப்பிகளைத் திருத்துகிறேன்."

"உங்கள் ஆளுக்கு வோட்டுச் சேர்க்க நல்ல கதை" என்று குரொப்ற் சிரித்தார்.

"என் ஆளுக்கா?" கமலினியின் குரல் மண்டபத்தின் மூலைவரை போனது. மற்ற மேசைகளில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "அந்த ஒன்று யாருக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஆளுக்குத்தான்!"

குரொப்ற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். உண்மைதான். அந்த நீண்ட ஒன்று நின்றது பழைய உறுப்பினரின் பெயருக்கு எதிரில்.

"இப்போது சொல்லுங்கள்" என்றார் கமலினி. "செல்லுமா, செல்லாதா? நான் செல்லும் என்கிறேன். அது உங்களுக்குப் போட்ட வோட்டு. போட்டவர் ஏழு பெட்டியையும் நிரப்பியிருக்கிறார். அதைக் குப்பையில் எறியச் சொல்லி நான் கேட்கமாட்டேன்."

குரொப்ற் மிச்சமிருந்த கட்டைப் பார்த்தார். செல்லும் என்றால் கட்டில் இருக்கும் மற்றச் சீட்டுகளும் செல்லும். செல்லாது என்றால் தன் தலைவரின் வாக்கைத் தன் வாயாலேயே அழிக்கவேண்டும். டிக்சன் அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருக்கிறது" என்றார். "இது செல்லும். இனி வருவதெல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். யாருடையதாக இருந்தாலும்."

கட்டைத் தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி ஒரு நீண்ட ஒன்று. மறுபடி ஒன்று. சில பழைய உறுப்பினருக்கு. சில சிறு வேட்பாளர்களுக்கு. அவை அவர்களிடமிருந்து இரண்டு, மூன்று என்று இறங்கி வந்தன. அதிகமானவை பாட் ஹான்லனுக்கு. அவற்றில் எது சில்வானாவுடையது என்று கமலினிக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சீட்டும் மேசையில் விழும்போது கார்க் கொட்டகையில் குனிந்திருந்த தலைகள்தான் அவருக்குத் தெரிந்தன. கண்ணில் நீர் முட்டியது. முகவருக்குக் கண்ணைத் துடைக்க நேரமில்லை, அடுத்த சீட்டு வந்துவிடும்.

கட்டு முடிந்தது. கூட்டினார்கள். டிக்சன் இரண்டாம் தடவையும் கூட்டச் சொன்னார். பிறகு எழுந்து நின்றார்.

பாட் ஹான்லன் பத்தொன்பது வாக்குகளால் வென்றிருந்தார்.

கமலினி அந்த மண்டபத்தில் போட்ட சத்தத்தைப் பற்றி டிக்சன் பல வருடங்களுக்குப் பிறகும் பேசுவாராம். குரொப்ற் எழுந்து மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். "அந்த முதல் சீட்டுக்கு நன்றி" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், ஆனால் கையை இறுகப் பிடித்தார்.

முடிவைப் பகிரங்கமாக அறிவித்த நாளில் தையல் ஆலைப் பெண்கள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து படிக்கட்டை நிறைத்தார்கள். பாட் ஒலிவாங்கியைப் பிடித்து, "நான் இரண்டு தேர்தலில் வென்றேன். முதலாவது ஒரு பின்னறையில். இரண்டாவது ஒரு கார்க் கொட்டகையில்" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக் குதித்தார்கள்.

அன்று மாலை ஹரிஸ் பார்க்கின் அந்தத் தெரு முழுக்க மேசைகள். சில்வானாவின் பெரிய சட்டியில் பாஸ்தா. லெபனான்காரர் கடையிலிருந்து ரொட்டியும் ஒலிவும். மகேந்திரராஜா மத்தியானம் முழுவதும் குசினியில் நின்று கடலை வடை சுட்டிருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், "இவ என்ர மனுசி. எண்ணினது இவதான்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை, எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. யாரோ அக்கோடியன் வாசித்தார்கள். பாட் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கமலினியும் ஆடினார். ஆடத் தெரியாது. அதைப்பற்றிக் கவலைப்படவுமில்லை.

திங்கட்கிழமையும் பாடசாலை விடுமுறைதான். செவ்வாய்க்கிழமை கிளைக் கூட்டம். மகேந்திரராஜா சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்கள் எங்க?" என்றார் கமலினி.

"நானும் வாறன். அடுத்த முறை ஆரை நிப்பாட்டுறதெண்டு எனக்கும் ஒரு வோட்டு வேணுமெல்லே."

அதே தேர்தலில் வென்று பாட்டின் கட்சி அமைத்த புதிய மாநில அரசாங்கத்தின் இரண்டாவது ஆண்டில் கிரான்லி ஹைஸ்கூலுக்குச் செங்கல் கட்டடம் வந்தது. லொறிகள் வந்து தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனபோது பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று கூவினார்கள். அப்போது கமலினி கணக்குப் பிரிவுக்குத் தலைமை ஆசிரியை. பாட் நாடாவை வெட்டினார். திறப்புவிழா முடிந்ததும் விருந்தினர்கள் தேநீருக்குப் போனார்கள். கமலினி தேநீருக்குப் போகவில்லை. புதிய வகுப்பறைக்குள் நுழைந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எட்டாம் வகுப்பை உள்ளே கூப்பிட்டார். அவருடைய குரல் முற்றத்தைத் தாண்டித் தெருவரை கேட்டது.